நோக்கத்தோடு ஒரு சிறு தொழில்நுட்பத் தொழில்: தொடங்குவதும் நடத்துவதும்



சில ஆண்டுகளாக அறக்கட்டளை அலுவலகத்துக்கு வரும் பெற்றோரின் கேள்வி மாறி வருகிறது. முன்பு கல்லூரி இடத்துக்கும் கட்டண உதவிக்கும் வந்தார்கள். இப்போது படித்து முடித்த பிள்ளையோடு வருகிறார்கள். "வளைகுடாவுக்குப் போக மாட்டேன் என்கிறான். ஊரிலேயே கம்ப்யூட்டர் தொழில் தொடங்க வேண்டுமாம். நகையை விற்றுத் தரச் சொல்கிறான். கொடுக்கலாமா?" என்று கேட்கிறார்கள். பெண் பிள்ளைகளைப் பெற்றவர்களும் கேட்கிறார்கள். பட்டம் வாங்கிய மகள் வெளியூர் வேலைக்குப் போக முடியாமல் வீட்டில் இருக்கிறாள், ஊரிலேயே அவள் படிப்புக்கு ஒரு வழி பிறக்காதா என்பது அவர்கள் கவலை.

இந்த ஆசையை நாங்கள் மதிக்கிறோம். சபுராளிகளின் உழைப்பால் வளர்ந்த ஊர்கள் நம்முடையவை. பிள்ளை பிறந்ததைப் போனில் கேட்டு, மையித்துக்கு வந்து சேர முடியாமல் தவித்த குடும்பங்கள் எத்தனை என்பது நமக்குத் தெரியும். பிள்ளைகள் ஊரிலேயே ஹலாலாகச் சம்பாதிக்க வழி இருந்தால் அது பெரிய நிஃமத். ஆனால் நகை ஒரு குடும்பத்தின் கடைசிக் கையிருப்பு. அதைத் தொடும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவற்றை இந்த இதழில் விளக்குகிறோம்.

"நோக்கத்தோடு தொழில் செய்யப் போகிறேன், சமுதாயத்துக்குப் பயன்பட வேண்டும்" என்று இளைஞர்கள் சொல்கிறார்கள். நல்ல எண்ணம்தான். அந்த எண்ணம் மூன்று இடங்களில் தெரிய வேண்டும்: யாருடைய சிரமத்தைக் குறைக்கிறோம், யாருடைய பணத்தில் நடத்துகிறோம், எதைச் செய்ய மறுக்கிறோம். இந்த மூன்றும் முடிவாகாத வரை நோக்கம் பெயர்ப்பலகையில் மட்டும்தான் இருக்கும்.

யாருடைய சிரமம்?

நம் மதுரையிலேயே ஒரு நல்ல முன்மாதிரி இருக்கிறது. டாக்டர் ஜி. வெங்கடசாமி அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற பின், 1976-இல் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். அந்தக் காலத்தில் கண்புரை அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் பிறகு வாழ்நாள் முழுவதும் சோடாபுட்டிக் கண்ணாடி போட வேண்டியிருந்தது. கண்ணுக்குள்ளேயே வைக்கும் செயற்கை லென்ஸ் வெளிநாட்டில் வந்துவிட்டது. ஆனால் அதன் விலை 100 டாலர் அளவில் இருந்தது. கூலி வேலை செய்பவருக்கு அது எட்டாத பொருள்.

1992-இல் ஆரோலேப் என்ற தயாரிப்பு நிறுவனம் மதுரையில் தொடங்கப்பட்டது. அதுவும் ஓர் அறக்கட்டளைதான். லென்ஸ் செய்யும் தொழில்நுட்பத்தை வெளிநாட்டிலிருந்து முறையாகப் பெற்றார்கள். கிராமப்புறங்களிலிருந்து வந்த இளம் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து நுட்பமான வேலையில் அமர்த்தினார்கள். லென்ஸின் விலை 10 டாலர் அளவுக்கு இறங்கியது, பிறகு இன்னும் குறைந்தது. ஐரோப்பிய நாடுகளின் தரச்சான்றும் பெற்றார்கள். இன்று அந்த லென்ஸ் 100-க்கும் மேற்பட்ட நாடுகளுக்குப் போகிறது.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஆரோலேப் லென்ஸை இலவசமாகக் கொடுத்து நிற்கவில்லை. விலைக்கு விற்கிறது. செலவு போக மிஞ்சுவதைக் கொண்டு தையல் நூல், கண் மருந்து என்று அடுத்த பொருளுக்குப் போகிறது. தர்மமாகக் கொடுத்திருந்தால் நன்கொடை நின்ற மாதமே லென்ஸும் நின்றிருக்கும். ஏழைக்கும் எட்டும் விலையில் தரமான பொருளைத் தொடர்ந்து கொடுப்பதே அங்கே நோக்கம். அதற்குத் தொழில் லாபத்தில் நடந்தாக வேண்டும். சேவை மனப்பான்மை உள்ள பிள்ளைகள் பலர் விலை கேட்கக் கூச்சப்படுகிறார்கள். நியாயமான விலை கேட்பதில் வெட்கம் தேவையில்லை.

இரண்டாவது உதாரணம் கோவையைச் சேர்ந்த அருணாசலம் முருகானந்தம். நெசவாளர் குடும்பத்தில் பிறந்தவர். பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டுப் பட்டறைகளில் வேலை பார்த்தவர். பெண்களுக்கான நாப்கின் ஏழைக் குடும்பங்களுக்குக் கட்டுப்படியாகாத விலையில் இருப்பதைக் கண்டு, அதைச் செய்யும் சிறிய இயந்திரத்தை உருவாக்கப் பல ஆண்டுகள் உழைத்தார். பெரிய கம்பெனிகளின் இயந்திரங்கள் கோடிக்கணக்கில் விலை போன காலத்தில், அவருடைய ஆரம்பகால இயந்திரம் ஒரு லட்சம் ரூபாய்க்கும் குறைவு. வாங்க வந்த பெரிய நிறுவனங்களுக்கு உரிமையை விற்றுவிட்டு ஒதுங்கியிருக்கலாம். அவர் அதைப் பெண்களின் சுயஉதவிக் குழுக்களுக்கே விற்றார். பொருளும் மலிவானது, கிராமத்துப் பெண்களுக்கு வருமானமும் வந்தது. 2016-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

இந்த இரண்டிலும் தொழில்நுட்பம் பிறகுதான் வந்தது. முதலில் வந்தது, ஒரு குறிப்பிட்ட மனிதரின் குறிப்பிட்ட சிரமம். "ஆப் ஒன்று செய்யப் போகிறேன்" என்று தொடங்கும் பிள்ளையிடம் நாங்கள் கேட்பது இதுதான்: யாருக்கு? அவர்களில் பத்துப் பேரின் பெயரைச் சொல், அவர்களிடம் பேசினாயா?

நம் பகுதியில் என்ன இருக்கிறது?

தென்காசி மாவட்டத்தில் சிரமங்களுக்குப் பஞ்சமில்லை. புளியங்குடி எலுமிச்சைக்குப் பெயர் போனது. அங்கே கமிஷன் கடைக்குக் காய் கொண்டுவரும் விவசாயிக்கு எடை, விலை, பிடித்தம், பாக்கி எல்லாம் துண்டுச் சீட்டில் வருகிறது. அதைப் போனில் தமிழில் பார்க்கும்படி செய்தால், கடைக்காரருக்கும் விவசாயிக்கும் சண்டை குறையும். பீடி சுற்றும் பெண்கள் எத்தனை கட்டுக் கொடுத்தார்கள், எத்தனை கழிவில் போனது என்ற கணக்கு அவர்கள் கையில் தெளிவாக இருப்பதில்லை. சிறு ஜவுளிக் கடை, மருந்துக் கடை, வாடகைப் பாத்திரக் கடை வைத்திருப்பவர்களுக்குக் கடன் வரவு எழுதுவதே பெரும்பாடு.

மென்பொருள் மட்டும்தான் தொழில்நுட்பம் என்றும் நினைக்க வேண்டாம். தோட்டத்து மோட்டாரைப் போனிலிருந்து நிறுத்தவும் ஓட்டவும் கருவி பொருத்துவது, சூரிய மின்தகடு பராமரிப்பு, பள்ளிகளின் பழைய கம்ப்யூட்டர்களைச் சீர்செய்து லினக்ஸ் போட்டுக் கொடுப்பது, ஆஸ்பத்திரிக் கருவிகளைப் பழுதுபார்ப்பது எல்லாமே இதில் அடங்கும். சென்னையில் இருக்கும் பெரிய கம்பெனி நம் ஊர்க் கமிஷன் கடைக்கு ஆள் அனுப்பாது. நேரில் போய், அவர் மொழியில் பேசி, கோளாறு என்றால் அன்றைக்கே போய் நிற்க முடிவதுதான் சிறு தொழிலின் பலம்.

முதலில் கையால் செய்துகாட்டுங்கள்

பொருளை முழுவதும் செய்து முடித்த பிறகு வாங்குபவரைத் தேடுவது பலர் செய்வது. ஆறு மாதம், ஒரு வருடம் வீட்டுக்குள் உட்கார்ந்து மென்பொருள் எழுதுகிறார்கள். பிறகு கடைக்காரரிடம் காட்டினால், "தம்பி, நல்லாத்தான் இருக்கு, ஆனால் எனக்குத் தேவையானது இது இல்லையே" என்கிறார்.

அதற்குப் பதிலாக மூன்று கடைகளைத் தேர்ந்தெடுங்கள். அவர்களுடைய கணக்கை ஒரு மாதம் சாதாரண எக்செல் தாளிலோ, இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபிஸிலோ நீங்களே போட்டுக் கொடுங்கள். அதற்குச் சிறு தொகையாவது வாங்குங்கள். பணம் கொடுப்பவர்தான் குறையை உண்மையாகச் சொல்வார். எந்த வேலை திரும்பத் திரும்ப வருகிறதோ அதை மட்டும் மென்பொருளாக எழுதுங்கள். இந்த ஒரு மாதத்துக்கு நகை விற்கத் தேவையில்லை. ஒரு பழைய லேப்டாப்பும் ஒரு இருசக்கர வண்டியும் போதும்.

எவ்வளவு பணம் வேண்டும்? ஒரு கணக்கு

கம்ப்யூட்டர், மேசை, ஏசி, போர்டு இவற்றின் விலையைக் கூட்டி அதையே முதலீடு என்று சொல்கிறார்கள். தொழில்நுட்பத் தொழிலில் பெரிய செலவு காத்திருக்கும் காலம். கற்பனையாக ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

இருவர் சேர்ந்து கடைகளுக்குக் கணக்கு மென்பொருள் கொடுக்கிறார்கள். மாதச் செலவு: இருவருக்கும் சம்பளம் 24,000, வாடகை 4,000, மின்சாரமும் இணையமும் 2,500, சர்வர் கட்டணம் 3,500, பயணம் 4,000. மொத்தம் 38,000 ரூபாய். ஒரு கடைக்கு மாதக் கட்டணம் 600 ரூபாய். அப்படியானால் செலவை ஈடுகட்ட 64 கடைகள் வேண்டும். மாதம் 4 கடைகள் சேர்ந்தால் அதற்கு 16 மாதம் ஆகும். முதல் 15 மாதங்களில் விழும் பற்றாக்குறையைக் கூட்டினால் 2,82,000 ரூபாய் வருகிறது. இதுதான் அந்தத் தொழிலின் உண்மையான முதலீடு.

இப்போது ஒரு மாற்றம் செய்வோம். புதிதாகச் சேரும் ஒவ்வொரு கடையிலும் பழைய கணக்கை ஏற்றிக் கொடுத்துப் பயிற்சி அளிப்பதற்கு ஒருமுறைக் கட்டணமாக 1,500 ரூபாய் வாங்குகிறார்கள். மாதம் 6,000 ரூபாய் கூடுதலாக வருகிறது. பற்றாக்குறை 13 மாதத்தோடு நின்று, மொத்தம் 1,97,600 ரூபாயாகக் குறைகிறது. ஒரே ஒரு முடிவால் 84,400 ரூபாய் மிச்சம்.

உங்கள் தொழிலின் எண்கள் வேறாக இருக்கலாம். ஆனால் இந்தத் தாளைப் பெற்றோரும் பிள்ளையும் ஒன்றாக உட்கார்ந்து எழுத வேண்டும். மாதம் 4 கடைகளுக்குப் பதில் 2 தான் சேர்ந்தால் என்ன ஆகும் என்றும் எழுதிப் பாருங்கள். எழுதிய பிறகும் குடும்பம் தாங்கும் என்றால் தொடங்கலாம். தாங்காது என்றால், ஒருவர் வேலைக்குப் போய்க்கொண்டே மாலை நேரத்தில் தொடங்குவது நல்லது.

யாருடைய பணம்?

வட்டி நமக்கு ஹராம் என்பதை நாங்கள் விளக்கத் தேவையில்லை. ஆனால் "வட்டி வேண்டாம்" என்று சொல்லி நிறுத்திவிட்டால் பிள்ளைக்கு வழி தெரியாது. வழிகள் உண்டு.

முதலாவது வாடிக்கையாளரின் பணம். முன்பணம் வாங்கி வேலை செய்வது, ஆண்டுக் கட்டணத்தை முன்கூட்டியே செலுத்துபவருக்குச் சலுகை தருவது. ஜோஹோ நிறுவனம் 1996-இல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் சிறியதாகத் தொடங்கியது. வெளி முதலீட்டாளர்களின் பணத்தை வாங்காமல், விற்பனையில் வந்ததைத் தொழிலில் திரும்பப் போட்டே வளர்ந்தது. அதனால்தான் 2011-இல் நம் தென்காசி பக்கத்து மத்தளம்பாறையில் அலுவலகம் திறக்க யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியிருக்கவில்லை. பணம் யாருடையதோ முடிவும் அவர்களுடையது என்பதற்கு இது எடுத்துக்காட்டு.

இரண்டாவது அழகிய கடன். உறவினர், நண்பர், பைத்துல்மால் ஆகியோரிடமிருந்து வட்டியில்லாமல் பெற்றுத் தவணையில் திருப்புவது. தொழில் நஷ்டமானாலும் இது கடன்தான், திருப்பிக் கொடுத்தே ஆக வேண்டும். இதை மறந்துவிடக் கூடாது.

மூன்றாவது கூட்டு. முளாரபா முறையில் ஒருவர் பணம் போடுகிறார், மற்றவர் உழைக்கிறார். லாபம் முன்பே பேசிய விகிதத்தில் பிரியும். உழைப்பவரின் கவனக்குறைவு இல்லாமல் நஷ்டம் வந்தால் பணம் போட்டவருக்குப் பணம் போகும், உழைத்தவருக்கு உழைப்பு போகும். முஷாரகா முறையில் இருவரும் பணம் போடுகிறார்கள், நஷ்டம் அவரவர் போட்ட பணத்தின் விகிதத்தில் பிரியும். "ஒரு லட்சம் தருகிறேன், மாதம் இரண்டாயிரம் தந்துவிடு" என்று சில சபுராளிச் சகோதரர்கள் நல்ல எண்ணத்தோடு பேசுகிறார்கள். தொகையை இப்படி நிச்சயித்துவிட்டால் அது கூட்டு ஆகாது, வட்டியின் வாசலுக்குப் போய்விடும். விகிதமாகப் பேசுங்கள், சந்தேகம் இருந்தால் நம் ஆலிம்களிடம் கேளுங்கள்.

நான்காவது அரசு உதவி. தமிழ்நாடு அரசின் ஸ்டார்ட்அப் டிஎன் நிறுவனம், டான்சீட் என்ற திட்டத்தின் கீழ், பதிவுபெற்ற புதிய நிறுவனங்களுக்குச் சிறு பங்கு எடுத்துக்கொண்டு ஆதார நிதி தருகிறது. இது வட்டிக் கடன் அல்ல. மற்ற பல மானியத் திட்டங்கள் வங்கிக் கடனோடு பிணைந்தவை. மானியத்தின் அளவை மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டாம்.

எந்த வழியானாலும் எழுத்து வேண்டும். குர்ஆனின் மிக நீளமான வசனம் அல்பகரா அத்தியாயத்தின் 282-ஆவது வசனம். அது கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பதையும் சாட்சி வைப்பதையும் பற்றியது. ஆனால் நம் குடும்பங்களில் மச்சானிடமும் அண்ணன் தம்பியிடமும் எழுதிக் கேட்பது மரியாதைக் குறைவு என்று விட்டுவிடுகிறோம். ஜமாஅத்தில் பஞ்சாயத்துக்கு வரும் தொழில் தகராறுகளில் எழுத்து இல்லாததே பெரும்பாலும் சிக்கலாக இருக்கிறது. யார் எவ்வளவு போட்டார், யாருக்கு எவ்வளவு சம்பளம், லாபம் எப்படிப் பிரியும், ஒருவர் விலகினால் என்ன, ஒருவர் மவுத்தானால் வாரிசுகளுக்கு என்ன என்ற ஐந்தும் அந்தத் தாளில் இருக்க வேண்டும்.

பதிவுகள்

தனியாகத் தொடங்குபவர் தனியுரிமைத் தொழிலாகத் தொடங்கலாம். செலவு மிகக் குறைவு. ஆனால் தொழில் கடன் வீட்டுச் சொத்துவரை வரும். இருவர் என்றால் 1932-ஆம் ஆண்டுக் கூட்டாண்மைச் சட்டத்தின்படி பங்குதாரர் ஒப்பந்தம் எழுதிப் பதிவு செய்யுங்கள். பதிவு செய்யாத கூட்டு நிறுவனம், பாக்கி வைத்தவர்மீது ஒப்பந்தத்தைக் காட்டி வழக்குப் போட முடியாது. பொறுப்பு வரம்புக்குள் இருக்க வேண்டுமானால் எல்.எல்.பி. அல்லது ஒருநபர் கம்பெனி இருக்கிறது. அவற்றில் ஆண்டுதோறும் கணக்குத் தாக்கல் செலவு உண்டு.

உத்யம் பதிவு 2020 ஜூலையிலிருந்து நடைமுறையில் உள்ளது. ஆதார், பான் எண்களைக் கொண்டு இணையத்தில் இலவசமாகச் செய்துகொள்ளலாம். இதற்குப் பணம் கேட்கும் இடைத்தரகர்களிடம் ஏமாற வேண்டாம். 2025 ஏப்ரல் முதல், முதலீடு இரண்டரைக் கோடிக்கும் விற்பனை 10 கோடிக்கும் மிகாத தொழில்கள் குறுந்தொழில் என்ற வகையில் வருகின்றன. நம் பிள்ளைகளின் தொழில்கள் எல்லாம் இதில் அடங்கிவிடும்.

இந்தப் பதிவால் ஒரு முக்கியமான பாதுகாப்பு கிடைக்கிறது. 2006-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, குறு, சிறு தொழில்களிடம் பொருளோ சேவையோ வாங்கிய நிறுவனம் எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளிலும், இல்லாவிட்டால் 15 நாளிலும் பணம் தர வேண்டும். தராவிட்டால் அரசு இணையதளம் வழியாக முறையிடலாம். சிறு தொழில்கள் பல, வேலை இல்லாமல் மூடப்படுவதில்லை. செய்த வேலைக்குப் பணம் வராமல் மூடப்படுகின்றன. ஆகவே ஒவ்வொரு வேலைக்கும் தேதியோடு பில் கொடுங்கள், பில்லில் உத்யம் எண்ணை எழுதுங்கள்.

சேவை மட்டும் தருபவர்களின் ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் ஜி.எஸ்.டி. பதிவு கட்டாயம். அதற்கு முன்பே ஒரு தனி வங்கி நடப்புக் கணக்கு தொடங்குங்கள். வீட்டுச் செலவும் தொழில் பணமும் ஒரே கணக்கில் ஓடினால் லாபமா நஷ்டமா என்று உங்களுக்கே தெரியாது. முதலாளியும் மாதச் சம்பளம்தான் எடுக்க வேண்டும்.

எதைச் செய்ய மறுப்போம்?

நோக்கம் உண்மையில் சோதிக்கப்படுவது இங்கேதான். தொழில் தொடங்கிய ஆறாவது மாதம், கையில் பணமில்லாத நேரத்தில்தான் பெரிய தொகையோடு தவறான வேலை வரும். பணம் வைத்து ஆடும் விளையாட்டுச் செயலி, மீட்டர் வட்டிக்குக் கடன் கொடுக்கும் செயலி, அரசியல் வதந்திகளைப் பரப்பும் கணக்குகளை நடத்துவது, மற்றவர் போன் எண்களைத் திரட்டி விற்பது. பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளை 2025-இல் நாடாளுமன்றம் சட்டம் போட்டே தடை செய்திருக்கிறது. எதை எடுக்க மாட்டோம் என்று தொடங்கும் நாளிலேயே எழுதிக் கூட்டாளிகள் கையெழுத்துப் போட்டுவிடுங்கள். பணமுடையில் இருக்கும்போது உட்கார்ந்து யோசித்தால் நியாயங்கள் நிறையத் தோன்றும்.

திருட்டு மென்பொருளில் வேலை செய்வதும் இதில் சேரும். விலை கொடுத்து வாங்க முடியாதவருக்கு லினக்ஸ், லிப்ரே ஆபிஸ், ஜிம்ப் போன்ற கட்டற்ற மென்பொருள்கள் இலவசமாகவே இருக்கின்றன.

வாடிக்கையாளரின் தகவல் நம்மிடம் இருக்கும் அமானிதம். ஒரு மருந்துக் கடையின் கணக்கைப் பார்த்தால் ஊரில் யாருக்கு என்ன நோய் என்று தெரியும். ஒரு கமிஷன் கடைக் கணக்கில் யாருக்கு எவ்வளவு கடன் என்று தெரியும். டீக்கடையில் அதைப் பேசினால் தொழில் அன்றோடு முடிந்தது. தனிநபர் தரவுப் பாதுகாப்புக்கு 2023-ஆம் ஆண்டுச் சட்டமும் இருக்கிறது. தேவையான தகவலை மட்டும் வாங்குங்கள், கடவுச்சொல்லைப் பகிராதீர்கள், தினமும் நகல் எடுங்கள், வாடிக்கையாளர் விலகினால் அவருடைய தகவலை அவரிடம் ஒப்படைத்து உங்கள் பக்கம் அழித்துவிடுங்கள்.

ஆள் சேர்ப்பதிலும் நோக்கம் தெரிய வேண்டும். ஜோஹோ 2005-இல் ஒரு பயிற்சிப் பள்ளியைத் தொடங்கி, கல்லூரிப் பட்டம் இல்லாத மாணவர்களையும் பயிற்றுவித்து வேலைக்கு எடுத்தது. நம் மஹல்லாவிலும் பன்னிரண்டாம் வகுப்போடு நின்ற பிள்ளைகள் இருக்கிறார்கள், படித்துவிட்டு வீட்டில் இருக்கும் பெண்கள் இருக்கிறார்கள். ஆறு மாதம் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தால் அவர்கள் நிலைத்து நிற்பார்கள். பெண்களுக்குத் தனி இடம், மாலைக்குள் வீடு திரும்பும் நேரம், வீட்டிலிருந்து செய்யக்கூடிய வேலை ஆகியவற்றை யோசியுங்கள். பயிற்சிக் காலத்திலும் உதவித்தொகை கொடுங்கள். "கற்றுக்கொடுக்கிறேன்" என்று சொல்லி வருடக்கணக்கில் சம்பளமில்லாமல் வேலை வாங்குவது நோக்கத்துக்கு நேர் எதிரானது.

ஆண்டுக் கணக்கும் நிறுத்தும் கோடும்

வருடத்துக்கு ஒருமுறை, ரமளானுக்கு முன்பாக வைத்துக்கொண்டால் வசதி, இரண்டு கணக்குப் பாருங்கள். ஒன்று பணக்கணக்கு. கையிருப்பு, வர வேண்டிய பாக்கி, கொடுக்க வேண்டிய கடன் இவற்றை எழுதினால் ஸகாத் கணக்கும் அதிலேயே தெளிவாகிவிடும். வேலைக்குப் பயன்படும் கம்ப்யூட்டர், கருவிகள் மீது ஸகாத் இல்லை, பணத்தின் மீதும் விற்பனைச் சரக்கின் மீதும் உண்டு. விவரங்களை ஆலிமிடம் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

இரண்டாவது நோக்கத்தின் கணக்கு. யாருக்காகத் தொடங்கினோமோ அவர்களில் எத்தனை பேர் இன்னும் நம்மிடம் இருக்கிறார்கள்? அவர்களுடைய சிரமம் குறைந்ததா? எலுமிச்சை விவசாயிக்காகத் தொடங்கிய தொழில், ஐந்து வருடத்தில் அவரை விட்டுவிட்டு வேறெங்கோ போயிருந்தால் அதைத் தெரிந்தே செய்தோமா? எண்ணிக்கையாக எழுதுங்கள். நல்லது செய்கிறோம் என்ற திருப்தி மட்டும் கணக்காகாது.

கடைசியாகப் பெற்றோருக்கு ஒரு வார்த்தை. தொழிலுக்குப் பணம் கொடுப்பதானால், எவ்வளவு, எத்தனை மாதம் என்ற கோட்டை முதல் நாளே போட்டுவிடுங்கள். அந்தக் கோடு வந்தால் நிறுத்தி, பாக்கிகளைத் தீர்த்து, வாடிக்கையாளர்களை நல்ல முறையில் வேறிடம் ஒப்படைத்துவிட்டு மூடலாம். அப்படி மூடுவதில் அவமானம் இல்லை. அந்தப் பிள்ளைக்கு ஒரு கல்லூரி சொல்லிக் கொடுக்காத படிப்பு கிடைத்திருக்கும், கடனில்லாமல் அடுத்த வேலைக்குப் போவான். கோடு போடாத வீடுகளில்தான் முதலில் நகை, பிறகு மனை, பிறகு வீடு என்று போய், பிள்ளை தலைகுனிந்து விசா தேடுகிறான். அதைத் தவிர்ப்பது நம் கையில்தான் இருக்கிறது.

தொழில் தொடங்க விரும்பும் பிள்ளைகள், ஆண்களோ பெண்களோ, தங்கள் பெற்றோரோடு அலுவலகத்துக்கு வாருங்கள். வரும்போது ஒரு தாளில் நான்கு விஷயங்களை எழுதிக்கொண்டு வாருங்கள்: யாருடைய சிரமம், அவர்களில் நீங்கள் பேசிய பத்துப் பேர் சொன்னது, மாதக் கணக்கு, நிறுத்தும் கோடு. நம் ஜமாஅத்தில் கணக்குத் தெரிந்தவர்களும், தொழில் நடத்தி அனுபவப்பட்டவர்களும், ஆலிம்களும் இருக்கிறார்கள். உட்கார்ந்து பேசுவோம். இன்ஷா அல்லாஹ், பயனுள்ள வழி பிறக்கும்.

வஸ்ஸலாம்.

செயலாளர்